முப்பது கிலோ கல்

இந்த விவரத்தை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன், எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடத்திலும் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எனக்குச் சொன்னவர் வெள்ளிங்கிரி. நஞ்சைப்புதூரில் முப்பத்தைந்து வருடமாக வயரிங் வேலை செய்கிறவர், மீட்டரில் காட்டாத எதையும் இருப்பதாக ஒப்புக்கொள்ளாதவர், என் வீட்டு மோட்டார் ஓடாதபோதும் ஃபேன் சுற்றாதபோதும் வந்து சரிசெய்து கொடுப்பவர். ஏழு வருடத்தில் நான்கு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார், ஒரு தடவை ஏணியின் மேல் நின்றுகொண்டு, ஒரு தடவை மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிறுத்தத்தில், இரண்டு தடவை நானே வற்புறுத்திக் கேட்டு. நான்கு தடவையும் ஆம்பியர் மாறவில்லை, ஆட்களின் பெயர் மாறவில்லை, யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதுகூட மாறவில்லை. பொய் சொல்கிறவன் தடவைக்குத் தடவை கொஞ்சம் மெருகேற்றுவான், வெள்ளிங்கிரி மெருகேற்றவில்லை. அது எனக்கு நம்பிக்கையைத் தருவதற்குப் பதில் அசதியைத் தந்தது. ஐம்பது தாண்டியவன் புதிதாக ஒன்றை நம்ப வேண்டுமானால் உள்ளே ஏற்கெனவே கிடக்கிற பலதை நகர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது, எனக்கு அதற்குத் தெம்பில்லை. இது நடந்த கோடையில் நான் வேலையாக வெளியூரில் இருந்தேன். இருந்திருந்தால் நேரில் போய்ப் பார்த்திருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அதுவும் உண்மைதானா என்று தெரியவில்லை.

படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் பொங்கியண்ணனின் மனைவி கருணாம்பாளுக்கு அப்போது மூன்று வருடமாகக் குளிர் விடவில்லை. அவர்களுடைய ஒரே மகன் கிருபாகர், இருபத்திரண்டு வயது, ஆடிப் பதினெட்டு அன்று கூட்டாளிகளோடு காவிரியில் குளிக்கப் போய்த் தண்ணீரோடு போய்விட்டான். எட்டு நாள் பரிசல்காரர்கள் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் கருணாம்பாள் ஸ்வெட்டர் கேட்டாள். அன்றிலிருந்து கழற்றவில்லை. கோயமுத்தூர் டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். கத்திரி வெயிலில் நாய்கூட நிழல் தேடும் நேரத்தில் அவள் மொட்டை மாடியில் ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு பற்கள் கிட்டிக்கொள்ள உட்கார்ந்திருப்பாள், தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து "என்னம்மிணி, இன்னைக்கு எப்படி இருக்குது?" என்று கேட்பார்கள், அவள் "அப்படியேதாங்க" என்பாள், அவர்கள் போவார்கள்.

உடம்பு கிடைக்காதவனுக்குக் காரியம் செய்வதற்கும் முறை இருக்கிறது என்று பங்காளிகள் வந்து சொன்னார்கள். தர்ப்பையில் உருவம் செய்யலாம், மற்றவர்களுக்குச் செய்கிற மாதிரியே கல் நட்டு, பதினாறு நாள் அதற்குத் தண்ணீர் ஊற்றிச் சோறு வைத்து, கடைசி நாளில் கல்லை ஆற்றில் விட்டுவிடலாம், பையன் அடங்குவான், அம்மிணிக்கும் தேவலையாகும் என்றார்கள். பொங்கியண்ணன் "என்ற பையன் வருவான். வந்து நின்னான்னா உங்க மூஞ்சியக் கொண்டுபோய் எங்க வெச்சுக்குவீங்க?" என்று அனுப்பிவிட்டார்.

அவர் செய்தது வேறொன்று. விரிப்பு வாங்குகிற பின்லாந்துக்காரர் ஒருவர் வீட்டில், வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்க, மரப்பலகை அடித்த ஒரு சின்ன அறையில் சூடேறிய கற்களுக்கு எதிரே துண்டோடு உட்கார்ந்து வியர்த்து வழிந்தபோது அவருக்கு மனைவியின் நினைவு வந்தது, அங்கேயே அழுதிருக்கிறார், வியர்வையில் யாருக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பி அதே மாதிரி ஓர் அறையைத் தன் வீட்டிலேயே கட்டினார். சௌனா என்ற பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊர் அதற்கு வேர்வை ரூம் என்று பெயர் வைத்தது. ஹீட்டரைக் கதவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கூட வந்த புத்தகம் சொன்னது, வாஸ்து பார்த்தவர் நெருப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார், அக்னி மூலையிலேயே வைத்தார்கள். பலகை வந்தது, ஹீட்டர் வந்தது, சுவிட்சுப் பெட்டி வந்தது, ஹீட்டரின் மேல் அடுக்க வேண்டிய கல் பெட்டி மட்டும் கப்பலில் எங்கோ தங்கிவிட்டது. எஞ்சினீயர் கொத்தனார் மாரப்பனைக் கூப்பிட்டு, வழவழப்பாக, கைக்கு அடக்கமாக, முப்பது கிலோ உருண்டைக் கல் வேண்டும் என்றார். மறுநாள் காலையில் கல் வந்துவிட்டது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டார்கள். பத்து நிமிடத்தில் வீடு முழுக்க கரண்டு போயிற்று. வெள்ளிங்கிரிக்கு ஆள் வந்தது.

அவர் மூன்று நாள் அந்த அறைக்குள் வேலை பார்த்தார். ஹீட்டரின் காயில்கள் மாதக்கணக்காகக் கப்பலிலும் குடோனிலும் கிடந்து ஈரம் குடித்திருந்தன, அதனால் கரண்டு கசிந்து பிரேக்கர் விழுகிறது என்று கசிவு பார்க்கிற மெக்கர் கருவியை வைத்துக் கண்டுபிடித்து, கற்களை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி ஈரத்தை வெளியேற்றினார், பிரேக்கர் விழுவது நின்றது. நியூட்ரல் வயர் முறுக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது, முறுக்கினார். சூடு பார்க்கிற சென்சாரைக் காற்று வருகிற ஓட்டைக்கு மேலேயே அடித்திருந்தார்கள், ஹீட்டரை அக்னி மூலைக்கு நகர்த்தியபோது அதை யாரும் யோசிக்கவில்லை, கழற்றிச் சரியான இடத்தில் அடித்தார். அளவு மீறினால் அணைக்கிற கட்-அவுட் தட்டியிருந்தது, அமுக்கிவிட்டார். கரண்டு அளக்கிற கிளாம்ப் மீட்டரை மூன்று ஃபேஸிலும் மாட்டிப் பார்த்தார், மூன்றிலும் பதிமூன்று ஆம்பியர், ஒன்பது கிலோவாட் முழுதாக ஓடுகிறது. கற்களை மறுபடி அடுக்கிவிட்டுக் கருணாம்பாளை உள்ளே உட்காரச் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்து அவள் உதடு நீலம் பாரித்து வெளியே வந்தாள்.

"வெள்ளிங்கிரி, இதென்ன கெணத்துக்குள்ள எறங்குனாப்பல இருக்குது? எனக்கு மாடியே தேவலையாட்ட."

"அக்கா, மூணு காயிலும் செவந்திருக்குது. சூடு வந்துதான் ஆகோணும்."

"வந்ததுன்னா எங்க போச்சு?"

அவர் உள்ளே போனார். காயில்கள் பழுத்த இரும்பாகச் சிவந்திருந்தன, அவற்றின் மேல் அடுக்கியிருந்த கற்கள் முத்து முத்தாக வியர்த்திருந்தன, சுவரில் தொங்கிய வெப்பமானி பத்தொன்பது காட்டியது. வெளியே நாற்பது.

ஒரு ஊர் எப்படிப்பட்டது என்பது அதற்கு ஓர் அதிசயம் கிடைக்கும்போதுதான் தெரிகிறது, எங்கள் ஊர் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. முதலில் பூக்காரி சரசாள் வந்து, கல்யாண ஆர்டருக்குக் கட்டிய மல்லிகை வாடாமலிருக்க ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அடுத்து எதிர்வீட்டு விருந்துக்குத் தயிர் அண்டா வந்தது. பிறகு மத்தியானங்களில் தறிப்பட்டறை ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, சிவந்து எரிகிற ஹீட்டருக்கு எதிரே பலகையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்தார்கள். கரண்டு இப்படி ஓடுகிறதே என்று பார்க்க மின்வாரியத்திலிருந்து வந்த அதிகாரி மீட்டரைக் குறித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, இணைப்பில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாருக்காக அந்த அறை கட்டப்பட்டதோ அவள் மட்டும் மாடியில் வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தாள், கீழே இருந்து தயிரும் மல்லிகையும் கலந்த வாசனை மேலே வந்துகொண்டிருந்தது.

வெள்ளிங்கிரிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. பொங்கியண்ணன் "உடு வெள்ளிங்கிரி, ஊருக்காவது ஆவுதில்ல" என்று சொன்ன பிறகும் அவர் போகவில்லை. "பழுது எங்கன்னு தெரியாம பையத் தூக்கீட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காதுங்க மொதலாளி" என்றார். ஒரு வீட்டில் கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்ப்பதுதான் அவர் வழக்கம், எதைக் கழற்றியதும் வித்தியாசம் தெரிகிறதோ அதில் இருக்கிறது பழுது. இந்த அறையில் கழற்றிப் பார்க்காமல் மிச்சமிருந்தது கற்கள் மட்டும்தான். ஹீட்டரை அணைத்துவிட்டு ஒரு கல்லை எடுத்து, வீட்டு வேலைக்கு வருகிற பாவாயியிடம் கொடுத்து, வாளியில் போடச் சொன்னார்.

"அண்ணா, சுடுதுங்!" என்று அவள் கையை உதறினாள்.

வெள்ளிங்கிரி வாங்கிப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

"சுடுதுங்கறேன். அடுப்புல இருந்து எடுத்தாப்பல."

"எனக்கு ஜில்லுனுதான் இருக்குது."

அவள் அதை முந்தானையால் பிடித்துத் திருப்பினாள். ஒரு சின்னப் பள்ளத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது, ஈரத்தில் இளகி விரலில் பிடித்தது. முந்தானையை விலக்கி வெறும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்கண்ணனுங்" என்றாள். அவள் அண்ணன் சாயப்பட்டறையில் வேலை பார்த்து நெஞ்சடைத்துச் செத்து நான்கு வருடமாகியிருந்தது. கல்லை வாளியோடு தெருவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார் வெள்ளிங்கிரி, வெப்பமானி பத்தொன்பதிலிருந்து நூலளவு ஏறியிருந்தது. வாளியிலிருந்து எடுத்து மறுபடி வைத்தார், இறங்கிவிட்டது.

கொத்தனார் மாரப்பனைக் கூட்டி வந்தார்கள்.

"எஞ்சினீயரு என்ன சொன்னாரு? உருண்டையா, வழவழன்னு, முப்பது கிலோ. ஆத்துல அந்த மாதிரி வேற எங்கீங்க கெடக்குது? காரியம் பண்ற படித்துறைக்குக் கீழ அத்தன கெடந்துச்சு, அள்ளிக்கிட்டேன். நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தேன்."

"கழுவுனியா?" என்றாள் பாவாயி. "யாரைக் கழுவுன? ஒழுங்காச் சொல்லு, எங்கண்ணன எதுல போட்டு கழுவுன?"

"சிமெண்டுச் சட்டியிலதான்."

"சிமெண்டுச் சட்டியில! உசுரோட இருந்தப்ப ஒரு நாளைக்கு ரெண்டு வேளை குளிச்ச மனுசன்."

மாரப்பன் எண்ணிக் கொட்டியது மொத்தம் அறுபத்தொரு கல். பதினாறு நாள் தண்ணீரும் சோறும் வாங்கி, அழுகையும் கேட்டு, ஆற்றில் இறங்கிப் போய்ச்சேர்ந்த அறுபத்தொரு பேர். ஒன்பது கிலோவாட் சூட்டையும் அவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் போதவில்லை. மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டிவிட்டு வேறு கல் வாங்கிப் போடலாம் என்றார் பொங்கியண்ணன். கருணாம்பாள்தான் கூடாது என்றாள். "தூக்கீட்டு வந்தது நம்ம. கொண்டு போயி உடறது அவங்கவங்களாத்தான் இருக்கோணும்."

அப்படித்தான் ஊர் வந்தது. தயிர் அண்டாவும் பூக்கூடையும் அன்றைக்கே வெளியே போயின. ரேஷன் கடைக்காரர் டோக்கன் கொடுத்து வரிசை அமைத்தார். ஹீட்டரை அணைத்து, வாசல் வராந்தாவில் துண்டு விரித்துக் கற்களைப் பரப்பினார்கள், ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து நகர்ந்தார்கள், எங்காவது ஒருவர் சட்டென்று நிற்பார், வரிசை அவருக்காகக் காத்திருக்கும். யாரும் பெரிதாக அழவில்லை என்கிறார் வெள்ளிங்கிரி. முன்பே ஒரு தடவை அழுது முடித்தவர்கள், மறுபடி அழத் தெம்பில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கல்லைத் தன் கையில் வாங்கிச் சரிபார்த்திருக்கிறார், மீட்டர் படிப்பது போல. எனக்கு ஒவ்வொரு கல்லைப் பற்றிச் சொல்லும்போதும் "எனக்கு ஜில்லுனுதான் இருந்துச்சு" என்று முடிப்பார்.

லாரி டிரைவர் செங்கோடனின் இரண்டு மனைவிகளும் வந்தார்கள், இருபது வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். மூத்தவள் முத்தாயி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த கல் இளையவள் ரத்தினத்தின் கையில் சுட்டது.

"பாத்தீங்களா ஞாயத்த?" என்றாள் முத்தாயி வரிசையைப் பார்த்து. "செத்தும் அவ ஊட்டுக்குத்தான் போறான்."

சிலர் சிரித்தார்கள். ரத்தினம் சிரிக்கவில்லை. "அக்கா, இன்னொருக்காப் புடிச்சுப் பாருங்க" என்று கல்லை அவள் கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் அந்தக் கையை மூடிக்கொண்டாள். வெகுநேரம் நின்றார்கள், பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் முத்தாயி "ம், கொஞ்சம் வருது" என்றாள், இருவரும் சேர்ந்தே ஆற்றுக்குப் போனார்கள்.

ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர் முதல் நாளே வராந்தாவில் பரப்பியிருந்த அறுபது கற்களையும் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சுடவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஓடற ஆறு, எங்கப்பனை அப்பவே கடலுக்குக் கொண்டு போயிருக்கும்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அடிக்கடி நினைவு வருகிறவர் அவர்தான். என் அப்பாவின் கல்லையும் அதே படித்துறையில்தான் விட்டேன், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று தண்ணீர் முழங்கால் தொடும் முன்பே வீசிவிட்டுத் திரும்பினேன். அந்தக் கோடையில் ஊரில் இருந்திருந்தால் அந்த வரிசையில் நின்றிருப்பேனா, நின்று எல்லாக் கல்லும் குளிர்ந்து கிடந்திருந்தால் என்ன சொல்லிக்கொண்டு வெளியே வந்திருப்பேன்?

ஒவ்வொரு கல்லாகப் போகப்போக, வெள்ளிங்கிரி அதற்குப் பதிலாகக் குவாரியிலிருந்து வாங்கிய கருங்கல்லை வைத்தார், ஒவ்வொரு கல்லுக்கும் வெப்பமானி நூலளவு ஏறியது. இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்தொன்று. ஆனால் கருணாம்பாளின் நடுக்கம் குறையவில்லை, கூடியது. ஒவ்வொரு நாளும் காலையில், ஆட்கள் வருவதற்கு முன், அவள் வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்து மிச்சமிருக்கும் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைப்பாள், எடுத்துப் பார்த்து வைப்பாள். சுவிட்சுப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த வெள்ளிங்கிரியின் காதில் ஒரு நாள் பொங்கியண்ணன் அவளிடம் கேட்டது விழுந்தது.

"எதுக்குத் தெனமும் எடுத்துப் பாக்கறே கருணா? நம்ம பையனுக்கு இதுல கல்லு ஏது?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். நீங்க ஒண்ணு நட்டிருந்தா எனக்கும் இதுல ஒண்ணு இருந்திருக்கும்."

அதற்குப் பிறகு சில நாள் பொங்கியண்ணன் தொழிற்சாலைக்குப் போகவில்லை, வரிசையில் நிற்பவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஊற்றும்போது பார்வை கற்களின் மேல் போய்ப் பாதி கீழே போயிற்று, மிச்சப் பாதியைக் குடித்தார்கள்.

அறுபது கற்கள் போயின. அறுபத்தொன்றாவதை வெள்ளிங்கிரி கடைசியில்தான் பார்த்தார். மாரப்பன் கொட்டியபோது எண்ணிய எண்ணில் ஒன்று குறைகிறதே என்று தேடியபோது, இரண்டாம் காயிலுக்கும் மூன்றாம் காயிலுக்கும் நடுவில், அடியில், சிக்கிக்கொண்டிருந்தது. கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு, மஞ்சளோ குங்குமமோ எதுவும் இல்லை. அந்த ஒரு கல் வீட்டில் இருக்கும்வரை அறை நாற்பதைத் தாண்டவில்லை, வெளியேயும் நாற்பதுதான். ஊரில் எல்லாரும் வந்து எடுத்துப் பார்த்தார்கள், ஏற்கெனவே தங்கள் கல்லைக் கொண்டு போனவர்களும் வந்தார்கள், பக்கத்து ஊருக்குச் சொல்லி அனுப்பி அங்கிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் யார் கையிலும் சுடவில்லை. பதினைந்து நாள் அது வராந்தாவில் துண்டின் மேல் கிடந்தது, பாவாயி பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள்.

கருணாம்பாள் மட்டும் அதைத் தொடவில்லை. அறுபதையும் தினமும் தொட்டவள் அந்த ஒன்றின் பக்கம் போகவில்லை, வராந்தாவுக்கு வருவதையே நிறுத்தி, மாடியிலேயே இருந்துவிட்டாள், சோறும் மேலேயே போயிற்று. பாவாயி ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்கக்கா, நீங்களும் ஒருக்காப் பாத்துருங்களேன்."

"அதுவும் ஜில்லுனு இருந்துச்சுன்னா?" என்றாள் கருணாம்பாள். "அப்புறம் நான் எதை எடுத்துப் பாக்கறது, சொல்லு."

பொங்கியண்ணனுக்குப் பொறுமை போயிற்று. "வெள்ளிங்கிரி, அதை எடுத்து ஆத்துல வீசிட்டு வேலைய முடி. இருக்கறவளாவது பொழைக்கோணும்." வெள்ளிங்கிரி சரிங்க என்றார். வெயில் உச்சியில் இருந்தது. துண்டின் மேல் கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார், பிறகு திரும்பி, பொங்கியண்ணனைக் கடந்து, மாடிப்படி ஏறினார். பதினெட்டுப் படி. மேலே தரை கொதித்துக்கொண்டிருந்தது, அவள் நாற்காலியில் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம் வெள்ளிங்கிரி" என்றாள், அவர் கையைப் பார்த்ததுமே.

"கடைசி லைனையும் பாத்தாத்தாங்கக்கா வேலை முடிஞ்சுதுன்னு நான் சொல்ல முடியும்."

"எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்குது. கைய நீட்டுங்க."

அவள் நீட்டினாள். அவர் வைத்தார். அவள் விரல்களை மூடினாள், இன்னொரு கையால் அந்தக் கையையும் மூடினாள். கீழே தறிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொங்கியண்ணன் மூச்சிரைக்கப் படியேறி வந்து, கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார்.

"சுடுதா?" என்று கேட்டார்.

அவள் மூடிய கைகளை மடிக்கு இறக்கினாள். "சுடலீங்க" என்றாள். அவர் தலை தொங்கிற்று. "சுடலை. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன எடமாட்ட, வெதுவெதுன்னு இருக்குது."

வெள்ளிங்கிரி சொல்வது, அவள் பற்கள் கிட்டுவது அப்போதே நின்றுவிட்டது என்று. கால் மணி நேரம் கழித்து, கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஸ்வெட்டரைக் கழற்றினாள், மூன்று வருடம் வெயில் படாத அவள் கைகள் வெளுத்திருந்தன. தாகமாக இருக்கிறது, மோர் இருக்கிறதா என்று கேட்டாள். பொங்கியண்ணன் அந்தக் கொதிக்கிற தரையில் உட்கார்ந்து, "நட்டுப் போடலாம் கருணா, நம்ம பையனுக்கு நட்டுப் போடலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் பங்காளிகளைக் கூப்பிட்டார்கள், அந்தக் கறுப்புக் கல்லையே வீட்டு முற்றத்தில் நட்டார்கள், பதினாறு நாள் அது தண்ணீரும் சோறும் வாங்கியது, பதினாறாம் நாள் பொங்கியண்ணன் அதை மார்பளவு தண்ணீர் வரை எடுத்துக்கொண்டு போய் விட்டார். அறை அன்றைக்கே எண்பதைத் தொட்டது. கருணாம்பாளுக்கு அது தேவைப்படவில்லை, இப்போது அதில் வடகம் காயவைக்கிறார்கள்.

நான் சந்தேகப்பட்டது இதில் கற்களை அல்ல, அதுவே எனக்கு விசித்திரமாக இருக்கிறது. அறுபது கல் சுட்டதை எப்படியோ உள்ளே ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டேன். கிருபாகருக்குக் கல்லே நடவில்லை, ஆகவே அறுபத்தொன்றாவது கல் வேறு யாரோ ஒருவருடையது. அப்படியானால் அவள் கையில் அது குளிர்ந்துதான் இருந்திருக்க வேண்டும். கணக்கு அங்கே இடிக்கிறது. ஏழு வருடமாக அவள் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் பொய் சொன்னாளா, ஆசையில் அப்படித் தோன்றியதா, வெயிலில் உட்கார்ந்திருந்ததாலா என்று. கல் அவள் கைக்கு வருவதற்கு முன் பதினெட்டுப் படி இன்னொருவர் கையில் இருந்தது என்பது போன மாதம்தான் எனக்கு உறைத்தது. ரத்தினத்தின் கையிலிருந்து முத்தாயிக்குக் கொஞ்சம் வந்த மாதிரி, அவளுக்கும் அந்தக் கையிலிருந்து வந்திருக்கலாம். மற்ற அறுபதுக்கும் மீட்டர் படிப்பது போல "எனக்கு ஜில்லுனுதான் இருந்துச்சு" என்று முடித்தவர் அந்த ஒன்றுக்கு மட்டும் நான்கு தடவையிலும் அப்படி முடிக்கவில்லை. வெள்ளிங்கிரியின் குடும்பத்தைப் பற்றி, அவருக்கு யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை, அவர் வருவார், சரிசெய்வார், போவார்.

நேற்று மோட்டார் பார்க்க வந்திருந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியை மூடி, திருகுகளை முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன், அவர் வாங்கிக்கொண்டார், அப்போதுதான் கேட்டேன்:

"வெள்ளிங்கிரி, வாசல் வரைக்கும் போனவரு எதுக்குத் திரும்புனீங்க? அந்தக் கடைசிக் கல்லு உங்க கையில எப்படி இருந்துச்சு?"